ஒலிவேரா 70 வயதில்தான் கேமராவைத் தொட்டாரா?

“போர்ச்சுகல் இயக்குநர் மனோயல் டி ஒலிவேரா 70 வயது வரை தொழிலதிபர், ஓய்வுக்குப் பிறகுதான் சினிமாவுக்கு வந்தார்.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

1908 டிசம்பரில் போர்ட்டோ நகரில் பிறந்தவர் அவர். டோரு ஆற்றங்கரைத் தொழிலாளர்களைப் பற்றிய முதல் ஆவணப்படம் 1931இல் திரைக்கு வந்தபோது வயது 22. சிறுவர்களை வைத்து எடுத்த முதல் முழுநீளப் படம் 1942இல் வந்தது.

குழப்பம் பிறந்தது இதற்குப் பிறகுதான். அடுத்த முழுநீளப் படத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியில் ஒலிவேராவின் படத் திட்டங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. குடும்பத் தொழிலையும் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். அப்போதும் சினிமாவை விடவில்லை: 1955இல் ஜெர்மனிக்குப் போய் வண்ண ஒளிப்பதிவு கற்றார், அடுத்த ஆண்டே போர்ட்டோவைப் பற்றி வண்ணக் குறும்படம் எடுத்தார்.

1990 முதல் ஏறக்குறைய ஆண்டுக்கொரு படம் தந்தார் என்பது உண்மை. ஆனால் அதை ‘தாமதமான தொடக்கம்’ என்று சொல்வது, வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகளையே மறைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம். 2015 ஏப்ரலில், 106 வயதில் காலமானார்.