அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை என்றால் அவமானமா?

பிரான்சில் தொளதொள அரைக்கால் சட்டையோடு போனவரை நீச்சல் குளத்தில் இறங்க விடாதது சுற்றுலாப் பயணிகளை அவமதிப்பது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படியெல்லாம் இல்லைங்க, உள்ளூர்க்காரருக்கும் அங்கே அதே விதிதான். நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு கூடார முகாமின் குளத்தில் உயிர்காப்பாளர் என் முழங்கால் வரை தொங்கும் சட்டையைப் பார்த்து விரலை மட்டும் ஆட்டினார், என் பெரிய மகன் தலை கவிழ்ந்து சிரிக்க, நான் வரவேற்பறைக்கு நடந்து, அங்கிருந்த இயந்திரத்தில் காசு போட்டு ஒரு டப்பாவை எடுத்தால் உள்ளே உள்ளங்கை அளவு கறுப்பு ஜட்டி! தொப்பையோடு அதில் வெளியே வர ஐந்து நிமிடம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆனால் காரணம் நியாயமானது. அந்தச் சட்டையோடுதான் காலையில் கடைக்குப் போவோம், மணலில் உட்காருவோம், அப்புறம் அப்படியே தண்ணீரில் குதிப்போம். வியர்வையும் அழுக்கும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வேதிப்பொருள் உண்டாகும், கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியும் பெரும்பாலும் அதனால்தான். அதனால்தான் பல இடங்களில் தலைக்குத் தொப்பியும் கட்டாயம்.

முஸ்லிம் பெண்கள் சிலர் அணியும், உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையான புர்கினி விஷயம் வேறு. 2022 மே மாதம் கிரெனோபிள் நகராட்சி அதை அனுமதித்தது, அதே மாதம் கீழ் நீதிமன்றம் அந்த அனுமதிக்குத் தடை போட்டது, ஜூனில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையுத்தரவை உறுதி செய்தது. அங்கே சுகாதாரத்தோடு அரசியலும் கலந்திருக்கிறது, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். சரி, போகிறவர்கள் கிளம்பும் முன்பே இறுக்கமான ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், இயந்திரத்தில் என் அளவு கிடைக்கவில்லை.