அடுத்தவருக்கான நிகழ்ச்சியையும் கேட்டு வளர்ந்தோம்

எங்கள் வீட்டு வால்வு ரேடியோ சூடேறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். காலை ஆறு மணி ஒலிபரப்புக்கு அப்பா ஐந்தே முக்காலுக்கே குமிழைத் திருப்பி வைத்துவிடுவார். முதலில் ஒரு முனகல், பிறகு தம்பூராவின் மேல் வயலின் ஏறிவரும் அந்த முகப்பு இசை. அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன், ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி பம்பாய் வந்த யூத இசைக்கலைஞர் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். எங்களுக்கு அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம்.

1970களில் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கேட்டு வளர்ந்தது திருச்சி வானொலி. 1939இல் தொடங்கிய நிலையம் அது. அதன் ஒரு நாளை இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனை வகை! மங்கள இசை, பக்திப் பாடல், சமஸ்கிருதச் செய்தி, தமிழ்ச் செய்தி, பள்ளி ஒலிபரப்பு, பெண்களுக்கான நிகழ்ச்சி, உழவர்களுக்கான நிகழ்ச்சி, நாடகம், கச்சேரி. இவற்றில் எனக்கென்று ஒதுக்கியது மிகக் குறைவு. ஆனாலும் எல்லாம் என் காதில் விழுந்தன. வீட்டில் இருந்தது ஒரே பெட்டி, அது திண்ணையை ஒட்டிய மாடத்தில் இருந்தது.

காலை ஏழேகால் மணி தில்லிச் செய்தியைச் சொல்லாமல் எப்படி? சரோஜ் நாராயணசாமியின் குரல் கேட்டால் தெருவில் போகிறவர் நடையைத் தளர்த்துவார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவி வைத்த பாத்திரம்போல் இருக்கும். ழகரமும் றகரமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை நான் வகுப்பறையில் கற்றதைவிட அந்த மாடத்தின் அடியில் கற்றதே அதிகம்.

என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி என்று கேட்டால் உடனே சொல்வார். நீர்மட்டம் வாசிக்கும்போது அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, நிலைப்படியில் கை வைத்து நின்று கேட்பார். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மே மாதக் கடைசியில் அந்த எண் தொண்ணூறைத் தாண்டியிருந்தால் ஜூன் 12இல் தண்ணீர் திறப்பார்கள், குறுவை நெல் சாகுபடி உண்டு. எண் இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்கு வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் தண்ணீரை அப்பாயி காதால் அளந்துகொண்டிருந்தார்.

வானொலியைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதுபவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. 1966 வாக்கில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஆ.து. 27 என்ற குறுகிய கால நெல்லைத் தஞ்சை மாவட்டத்து வயல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. நாற்றங்கால் எப்படி விடுவது, உரம் எப்போது வைப்பது என்று மாலைதோறும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஒரு பயிருக்கே தன் பெயர் கிடைக்கும் அளவுக்கு மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஊடகம் வேறு எது?

அப்பா பிற்பாடு வானொலியின் பண்ணைப் பள்ளியில் பெயர் பதிந்துகொண்டார். பாடத்தைக் கேட்டு, அதில் கேட்கும் கேள்விக்கு அஞ்சலட்டையில் விடை எழுதிப் போட வேண்டும். ஐம்பது வயதில் என் பென்சிலை வாங்கிக் குறிப்பெடுப்பார். புகையானுக்கு எத்தனை நாள் இடைவெளியில் மருந்தடிப்பது என்று அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது மனப்பாடம். நான் உழவன் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வயலின் ஓரத்தில் பஸ் நின்றால் அந்தப் பயிருக்கு என்ன நோய் என்று இன்றும் என் கண் தேடுகிறது.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அகில இந்திய இசை நிகழ்ச்சி. 1952 முதல் நடந்துவந்தது. எங்கள் தெருவில் நாயனம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். ஒருநாள் பிஸ்மில்லா கானின் ஷெனாய். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய விரல்கள் மட்டும் தொடைமேல் ஏறி இறங்கின, துளைகளை மூடுவதும் திறப்பதுமாக. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன தம்பி, மூச்சு நம்ம மூச்சு” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். காசியைப் பார்த்திராத மனிதர்.

குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. சினிமாப் பாட்டு கூடாது என்று 1950களில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் கதவை மூடியபோது நேயர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். பிறகுதான் 1957இல் சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதி வந்தது. செய்தி எப்போதும் அரசின் கையில்தான். இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்று காலையில் நடந்ததை, பி.பி.சி. முன்பே சொல்லியிருந்தும், நம் வானொலி மாலையில்தான் இறப்பாக அறிவித்தது. அன்று பகலில் ஊரே இரண்டாகப் பிரிந்து, பி.பி.சி.யை நம்புவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டு நின்றது. பொதுப்பணத்தில் நடக்கும் வானொலி மக்களை அப்படிக் காத்திருக்க வைத்திருக்கக் கூடாது.

இருந்தாலும் 1977 நவம்பர் புயலில் மின்சாரம் போன இரவு, செல் போட்ட டிரான்சிஸ்டரைப் பக்கத்துப் பாயில் வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டில் கிடந்தோம். வேறு யார் எங்களிடம் பேசினார்கள் அன்றைக்கு?

இப்போது கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது எனக்கு, என் மகனுக்குப் பிடித்தது அவனுக்கு, ஆளுக்கொரு காதொலிப்பான். அப்பாயிக்கான செய்தி பேரனின் காதிலும், உழவருக்கான பாடம் பள்ளிப் பிள்ளையின் காதிலும், காசியின் ஷெனாய் கும்பகோணத்து நாயனக்காரரின் காதிலும் விழுந்த அந்தக் கலப்பு எங்கே? ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் கவலையை இன்னொருவர் அறிய அது ஒரு வழியாக இருந்தது. அதை இழந்ததைச் சிறிய இழப்பாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஆகவே உள்ளூர் நிலையங்களின் சொந்த நேரத்தைக் குறைத்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பினால் போதும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. செலவு மிச்சம் என்பார்கள். சென்னையிலிருந்து பேசுகிறவருக்கு எங்கள் வாய்க்காலின் பெயர் தெரியுமா? குறுவைக்கு விதை விடும் வாரத்தில் திருச்சி நிலையம் குறுவையைப் பற்றித்தான் பேச வேண்டும். கடலில் காற்று மாறும் நாளில் காரைக்கால் நிலையம் மீனவர்களிடம்தான் பேச வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தை இன்னும் கேட்பவராக இருந்தால், இந்த வாரம் அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த நிகழ்ச்சியை யாருடன் உட்கார்ந்து கேட்டீர்கள் என்று எழுதுங்கள். நான் அப்பாயியின் நீர்மட்டத்தைப் பற்றி எழுதி நேற்று அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.