லியு மிங்சுவான்: எஞ்சினை விடுங்கள், நில அளவையைப் பாருங்கள்

தைபே நகரின் 228 அமைதிப் பூங்காவில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் நிற்கிறது. பெயர் தெங்யுன், ‘மேகத்தில் ஏறுவது’ என்று பொருள். 1887-இல் ஜெர்மனியின் ஹோகன்சோலர்ன் ஆலையில் செய்தது. தைவானின் முதல் ஆளுநர் லியு மிங்சுவானைப் பற்றி யார் எழுதினாலும் இந்த எஞ்சின் படத்தைத்தான் போடுகிறார்கள். ரயில் விட்டார், தந்தி போட்டார், விளக்கு எரியவிட்டார் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் நிலத்தை அளந்ததுதான்.

1884-இல் பிரெஞ்சுக் கப்பற்படை கீலுங் துறைமுகத்தைத் தாக்கியபோது, தீவைக் காக்க, அப்போது சீனத்தை ஆண்ட சிங் அரசு அனுப்பிய தளபதி அவர். கீலுங்கை விட்டுக்கொடுத்து, ஆற்றுமுகத்துத் துறைமுகமான தாம்சுயைப் பிடித்துக்கொண்டார். அதற்காக அப்போது ஏச்சு வாங்கினார். ஆனால் தாம்சுய் விழுந்திருந்தால் ஆற்றுவழியே தைபேயும் போயிருக்கும். போர் முடிந்த 1885-இல் தைவான் தனி மாகாணமானது, அவரே ஆளுநர். எதிர்க்கரையில் இருக்கும் ஃபூஜியன் மாகாணம் ஆண்டுக்கு 4,40,000 தேல் வெள்ளி வீதம் 5 ஆண்டுகள் உதவும் என்று ஏற்பாடு. (ஒரு தேல் ஏறக்குறைய 37 கிராம்.) அதற்குள் தீவு தன் காலில் நின்றாக வேண்டும்.

அப்போது தைவானின் நிலவரி வருமானம் ஆண்டுக்குச் சுமார் 1,83,000 தேல்தான். விளைச்சலுக்குக் குறைவில்லை, நெல்லும் கரும்பும் கொழித்த மேற்குச் சமவெளி அது. யாரிடம் வரி கேட்பது என்பதில்தான் சிக்கல். நம் ஊரில் மேல்வாரம், குடிவாரம் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. காட்டைத் திருத்த உரிமை வாங்கியவர் ‘பெரிய வாரக்காரர்’. அவரிடமிருந்து நிலத்தைப் பெற்றுத் திருத்தியவர் ‘சிறிய வாரக்காரர்’. தலைமுறைகள் போகப் போக சிறிய வாரக்காரரே நிலத்தின் உண்மையான எஜமானர் ஆகி, அவருக்குக் கீழே உழுகிற குத்தகைக்காரர் வந்துவிட்டார். பதிவேட்டில் மட்டும் பழைய பெரிய வாரக்காரர் பெயர். வரி கட்டவேண்டியவர் அவர். நிலம் எங்கே, எவ்வளவு என்பதே பல இடங்களில் அவருக்குத் தெரியாது. புதிதாகத் திருத்திய வயல்கள் கணக்கிலேயே ஏறவில்லை.

1886-இல் லியு வேலையைத் தொடங்கிய வரிசையைப் பாருங்கள். முதலில் நிலத்தைத் தொடவில்லை. வீடு வீடாகக் குடிக்கணக்கு எடுத்தார். எந்த ஊரில் யார் இருக்கிறார், யார் எதை உழுகிறார் என்பது கைக்கு வந்தபிறகுதான் அளவுக்காரர்கள் வயலில் இறங்கினார்கள். தைபேயிலும் தைனானிலும் தலா ஓர் அளவை அலுவலகம். ஒவ்வொரு துண்டையும் அளந்து, தரம் பிரித்து, வரைபடத்தோடு பதிவேட்டில் ஏற்றினார்கள். வயல் துண்டுகள் அடுக்கடுக்காகத் தெரிவதால் அந்தப் பதிவேட்டுக்கு ‘மீன்செதில் ஏடு’ என்று பெயர். தைவான்காரர்கள் ‘ஜியா’ என்ற அளவில் நிலம் பேசுவார்கள். ஒரு ஜியா ஒரு ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. சீனப் பெருநிலத்தின் ‘மூ’ கணக்கோடு பொருந்த, ஒரு ஜியாவுக்கு 11.3 மூ என்று வகுத்தார்கள். கடைசியில் நிலத்துக்கு உரியவர் கையில் ஒரு பட்டா.

அந்தப் பட்டாவில் யார் பெயரை எழுதுவது? பெரிய வாரத்தை அடியோடு ஒழிக்கத்தான் லியு நினைத்தார். எதிர்ப்பு வலுத்தது. அதனால் ‘நான்கைக் குறை, ஆறை வைத்துக்கொள்’ என்ற சூத்திரம்: பெரிய வாரக்காரருக்கு வரும் பத்துப் பங்கில் நான்கை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும், வரி கட்டும் பொறுப்பு அவருக்கு இனி இல்லை. அந்த நான்கை வைத்துச் சிறிய வாரக்காரர் வரியைக் கட்டுவார், நிலமும் அவர் பெயரில் பதிவாகும். யாருக்கும் முழுத் தோல்வி இல்லாத கணக்கு. வேலை முடிந்தபோது நிலவரி, கூடுதல் கட்டணங்களோடு சேர்த்து 6,70,000 தேலைத் தாண்டியது.

கெட்டுப்போன இடத்தையும் சொல்ல வேண்டும். பட்டாவுக்கு ஜியாவுக்கு 2 வெள்ளி நாணயம் கட்டணம். தலைமையிடத்திலிருந்து ‘சீக்கிரம் முடி’ என்று நெருக்கடி. சாங்ஹுவாவில் மாவட்ட அதிகாரி லி ஜியாதாங் தரம் பிரிப்பதில் கண்டபடி நடந்து, பட்டா வாங்கச் சொல்லி மக்களை வாட்டினார். 1888-இல் ஷி ஜியுதுவான் என்ற முதியவர் தலைமையில் விவசாயிகள் சாங்ஹுவா கோட்டையைச் சூழ்ந்தார்கள். பட்டாக்களை எரி என்பதே கோரிக்கை. ‘அதிகாரிதான் மக்களைக் கலகத்துக்குத் தள்ளினார்’ என்று கொடியில் எழுதியிருந்தார்கள். படை வந்து முற்றுகையை உடைத்தது. அதிகாரியின் பதவி போனது. ஷியை ஊர்மக்கள் ஒளித்து வைத்தார்கள். கடைசிவரை அரசு கையில் அவர் சிக்கவில்லை. லியுவைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தம். அளவையின் அடியில் இருந்த குத்தகைக்காரருக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை என்பதும் அதே கதையின் பகுதிதான்.

ரயிலுக்கு வருகிறேன். 1887-இல் வணிகர்களிடம் பங்கு திரட்டிப் போடுவதாகத் திட்டம். அவர்கள் பின்வாங்கியதும் அரசே ஏற்றது. கூலியாட்களுக்குப் பதில் படைவீரர்கள். அங்கேதான் வினை. வெளிநாட்டுப் பொறியாளர் முளையடித்துக் காட்டிய தடத்தைப் படை அதிகாரிகள் மதிக்கவில்லை. கீலுங் அருகே ஷிச்சியுலிங் சுரங்கப்பாதை 235 மீட்டர்தான், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது: ஓரிடத்தில் கெட்டிப் பாறை, இன்னோரிடத்தில் சரிகிற மண். தடம் முழுக்கச் செங்குத்தான ஏற்றம், இறுகிய வளைவு. தாம்சுய் ஆற்றின்மேல் மரப்பாலம். 1897 வெள்ளத்தில் போனது. கீலுங்–தைபே தடம் 1891-இல் திறந்தபோது லியு பதவியில் இல்லை. அடுத்து வந்த ஷாவ் யூலியன் 1893-இல் ஷின்சு என்ற ஊரோடு தடத்தை நிறுத்திக்கொண்டார். தைபேயில் எரிந்த மின்விளக்குகளும் செலவு தாங்காமல் அணைந்திருந்தன. இவற்றில் உருப்படியாக நின்றது தந்தி. தாம்சுயிலிருந்து ஃபூஜியனின் ஃபூஜோ கடற்கரைக்கு 117 கடல்மைல் கேபிளை 1887-இல் போட்டார்கள். அதுவரை செய்தி கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது.

மலைப்பகுதியில் அவர் செய்ததை என்னால் சீர்திருத்தம் என்று சொல்ல முடியாது. கற்பூர மரங்கள் நின்றது அதயல் போன்ற பழங்குடிகளின் காட்டில். கற்பூரத்தை அரசு ஏகபோகமாக்கினால் பணம். அதனால் தாக்கோகான் என்ற மலைப்பகுதிப் பக்கம் படையெடுப்பு மேல் படையெடுப்பு. சண்டையிலும் காய்ச்சலிலும் வீரர்கள் செத்தார்கள், பழங்குடிகள் நிலம் இழந்தார்கள்.

1895-இல் சிங் அரசு தீவை ஜப்பானுக்கு எழுதிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் லியு இறந்தார். ஜப்பானியர் அவருடைய சுரங்கப்பாதையைக் கைவிட்டு வேறு தடம் போட்டார்கள். நிலத்தையும் மறுபடி அளந்தார்கள். கணக்கில் ஏறாத நிலம் இன்னும் ஏராளமாக அகப்பட்டது. ஆனால் சிறிய வாரக்காரரே நில உடைமையாளர் என்ற அவருடைய முடிவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர் தொட்டு விட்டுவைத்த பெரிய வாரத்தை, 1904-இல் உரியவர்களுக்குக் கடன்பத்திரம் கொடுத்து ஒழித்தார்கள்.