ரிசர்வ் கடற்படைப் பென்சன்: ஒரு சின்னத் திருத்தம்
மேலே ஒரு தம்பி, அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் (தேவைப்படும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் துணைப்படை) பகுதிநேரமாக 20 வருடம் இருந்தால் அடுத்த மாதமே பென்சன் வரும் என்று எழுதியிருக்கிறார். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வாட்ஸ்அப்புக்கும் இதே கதை வந்தது. 20 வருடம் என்பது சரி. ஆனால் பணம் பொதுவாக 60 வயதில்தான் தொடங்கும். 2008 ஜனவரி 28க்குப் பிறகு குறிப்பிட்ட சில முழுநேரப் பணிகளுக்கு அழைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு 90 நாளுக்கும் அந்த வயதில் 3 மாதம் குறையும். அப்படியும் 50க்குக் கீழே இறங்காது. மருமகனின் பென்சனை நம்பி இங்கே காணிக்கு அட்வான்ஸ் கொடுக்க நினைப்பவர்கள், முதலில் அவருடைய வயதைக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 10ஆம் தலைப்பு, 12731ஆம் பிரிவு என்று இணையத்தில் தேடினால் யாரும் பார்க்கலாம். வயதுக் கணக்கு அங்கேயே இருக்கிறது.