சந்தை கலையிற நேரத்தில் கமராவோடு வந்த தம்பிக்கு

அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பாரிஸ் பார்பெஸ் சந்தையில், கடைக்காரர் விட்டுப்போன பெட்டிக்குள் தக்காளிப்பழம் தெரிஞ்செடுத்த அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் கமராவைக் கொண்டுபோய், "வெளிநாட்டில எங்கட சனத்தின்ர நிலைமை" என்று தலைப்புப் போட்டது.

தம்பி, அவவைக் கேட்டுவிட்டா எடுத்தீர்?

2ஆம் இலக்க மெட்ரோ ரயில் ஓடுகிற பாலத்துக்குக் கீழே, புதனும் சனியும் கூடுகிற சந்தை அது. எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இருந்து நடந்தே போகலாம். சனி மத்தியானம் இரண்டரை தாண்டினால் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கிலோக் கணக்கு கூறுக் கணக்காகும். பிறகு எஞ்சினது பெட்டியோடு தரையில் கிடக்கும். அதை எடுக்க பிரெஞ்சுக்காரக் கிழவிகளும் வருகிறார்கள், படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். 1857இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த கதிர் பொறுக்கும் பெண்கள் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று நீர் போட்ட படத்தையும் பார்த்தேன். அது கலை, இந்த அம்மா கேவலமா?

நான் வந்தது 1993. ஒரு அறையில் ஏழு பேர். கோப்பை கழுவின வேலை. சனிக்கிழமைச் சமையல் என் முறை. கையில் பத்து பிராங் மட்டும் இருந்த ஒரு நாள், அல்ஜீரியக் கிழவர் ஒருவர் என் பை நிறையக் கத்தரிக்காயைக் கொட்டி, மேலே ஒரு கட்டுப் புதினாவையும் செருகி, காசை வாங்காமல் "போ, போ" என்று கையைக் காட்டினார். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு ஏழு பேருக்கும் இரண்டு நாள் வந்தது. ஊரில் என் அம்மாவும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை கலையிற நேரம் பார்த்துத்தான் போவா. மலிவாய் வாங்கினதை வீடு வீடாய்ச் சொல்லுவா.

"உண்மையைத்தானே காட்டினார்" என்கிறீர்கள். உண்மைக்கு அவவின் முகம் எதற்கு? தனிப்பட்ட வாழ்க்கைக்கு மரியாதை வேண்டும் என்று இந்த நாட்டுச் சிவில் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. "பொது இடம்தானே" என்பவர்கள், உங்கள் தாயை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து கதையுங்கள்.

"ஊரில் உள்ளவர்கள் பார்த்தாவது வெளிநாட்டு ஆசையை விடட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் வரவில்லை. நாங்கள் பொய் சொன்னோம். இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஈஃபில் கோபுரத்தடியில் எடுத்த படத்தைத்தான் ஊருக்கு அனுப்பினோம். நானும் பெட்டிக்குள் குனிந்திருக்கிறேன். என் அம்மா கண் மூடும்வரை அவவுக்கு அது தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும், என் வாயால். அதற்கு அந்த அம்மாவின் முகம் கூலியா? கேட்டுவிட்டா எடுத்தீர்?

அவவை எனக்கு முகத்தெரிவு. நீலத் தள்ளுபை வைத்திருப்பா. பொறுக்கினதில் நல்ல பழமாய் நாலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பக்கத்தில் நிற்கிற ஆபிரிக்கப் பெண்ணின் கையில் வைப்பா. வீடியோவில் அது இல்லை.

போன சனியும் பார்த்தேன், இந்தப் புதனும் பார்த்தேன். அவ வரவில்லை.