கரும்புள்ளி சாக்கடைக்குச் சான்று அல்ல

அண்ணாச்சி, "குளத்து விராலில் கரும்புள்ளியும் புழுவும் இருக்கின்றன, திலாப்பியாவில் இல்லை, தண்ணீர் சாக்கடையாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்ட முடியாது.

அந்தக் கரும்புள்ளி பெரும்பாலும் ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம். நத்தைக்குள் வளர்ந்து, வெளியே நீந்தி வந்து, மீனின் தோலைத் துளைத்து உறை கட்டிக்கொள்கிறது. அதைச் சுற்றி மீனின் உடல் கருநிறமியைச் சேர்ப்பதால்தான் புள்ளி தெரிகிறது. கொக்கோ மீன்கொத்தியோ அந்த மீனை விழுங்கினால்தான் புழு முதிர்ந்து முட்டையிடும். எச்சத்தோடு முட்டை மறுபடியும் தண்ணீருக்கு வரும். நத்தையும் பறவையும் இல்லாத குளத்தில் இந்தச் சுற்று ஓடாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த, கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் - தேரூர் பக்கம் பறவைக்கா பஞ்சம்?

சாக்கடை மிகுந்தால் நத்தையும், நீர்த்தெள் என்கிற நுண்ணிய நீருயிரியும் அழியலாம். அவற்றை நம்பிய புழு இனங்களும் குறையும். மீனுக்கு மீன் நேரே தொற்றும் டிரைக்கோடினா போன்ற ஓரணு உயிரிகள்தான் அங்கே பெருகும். எந்த இனம் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

திலாப்பியா ஒப்பீடும் நிற்காது. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். சொந்த ஊர் ஒட்டுண்ணிகளில் பலவற்றை அங்கேயே விட்டுவிட்டது. விராலோ மீன், தவளை என்று வேட்டையாடி, இரையோடு புழுக்களையும் சேர்த்து விழுங்கும் இனம்.