வரைபடம் போட்டவர் யார்?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நண்பர் ஒருவருடைய வீட்டு மாடியில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஆறு பேர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, துணிந்து செய்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்ளும் விளையாட்டு இது. எங்களுக்குக் கதை நடத்துபவன் ஓசூரில் ஷிப்ட் முடித்துவிட்டு பஸ் பிடித்து வரும் ஒரு தம்பி. ஆட்டம் நன்றாக அமைந்த இரவுகளில் பாராட்டு முழுவதும் அவனுக்கே போகும். மிச்சம் இருந்தால், ஆட்டத்துக்கான விதிகளும் சாகசக் கதைகளும் அடங்கிய நூலின் அட்டையில் பெயர் போட்டிருக்கும் எழுத்தாளருக்குப் போகும். அந்தப் பாராட்டில் பாதியாவது வேறு சிலருக்குச் சேர வேண்டியது என்று எனக்குப் பல நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இப்படித் தோன்றுவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். நான் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் கட்டும் வேலை, செய்பவன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், சீசன் வந்தால் மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள் என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. முன்பு வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை, நூற்றறுபது பக்கம், ஒன்பது இரவுகள் உட்கார்ந்து கட்டி முடித்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்: பந்தல் போட்டவர், மோர் ஊற்றியவர், மைக் செட் கொடுத்தவர் வரை எல்லோருடைய பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவனே நான்தான். என் பெயர் அதில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொள்ள என் விரல் வரவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை.

அதனால் எந்த ஆட்ட நூல் கையில் வந்தாலும் முதலில் அதன் பெயர்ப் பட்டியல் பக்கத்தைத்தான் படிக்கிறேன். நாவலை அட்டை முதல் அட்டை வரை வரிசையாகப் படிப்போம். ஆட்ட நூலோ சமையலறையில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி மாதிரி. அடுப்பில் எண்ணெய் காயும்போது கை போன இடத்தில் கடுகு இருக்க வேண்டும். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கையில், ஒரு விதியைப் பத்து விநாடியில் கண்டுபிடிக்க முடிந்தால் கதை ஓடும். இரண்டு நிமிடம் புரட்ட வேண்டி வந்தால் ஒருவர் போனை எடுத்துவிடுவார், இன்னொருவர் டீ போடப் போய்விடுவார். 2014-இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்ற விதி நூலின் பின்னால் உள்ள சொல்லடைவு பொடி எழுத்தில் இருக்கும்; ஒரு சொல்லைத் தேடிப் போனால் பக்க எண்ணைச் சொல்லாமல் இன்னொரு சொல்லைப் பார் என்று அனுப்பிவிடும். எங்கள் தம்பி அதைப் படித்துவிட்டு, "தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்குதுண்ணா" என்றான். சொல்லடைவு சரியாக அமைந்த நூலில் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. எடிட்டர், பக்கம் கட்டுபவர், சொல்லடைவு தயாரிப்பவர் ஆகியோருடைய கெட்ட காலமே இதுதான்: பிழை விட்டால் மட்டுமே அவர்கள் இருப்பது வெளியே தெரியும்.

வரைபடக்காரர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. 1983-இல் வெளியான 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகச நூலை எழுதியவர்கள் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும். அந்தப் பெயர்கள் ஆட்டக்காரர்கள் பலருக்குத் தெரியும். ஆனால் கதை நடக்கும் கோட்டையின் தளங்களை, மாடிப்படி எந்த அறையிலிருந்து கிளம்பி எந்தக் கோபுரத்தில் முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்படி, சாய்கோணத்தில் வரைந்து தந்தவர் டேவிட் சதர்லேண்ட். அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்கள் அறைகளின் வர்ணனையை மறந்திருக்கலாம், கோட்டையின் வடிவத்தை மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தில் இருப்பது நிகழ்ச்சி. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பலாம், எங்கே மாட்டிக்கொள்ளலாம், எப்படித் தப்பலாம் என்பதைத் தீர்மானிப்பது கோடுகள்தான்.

சாகச நூல்களை உருவாக்கிய ஜெனல் ஜேக்வேஸ் இதை நன்றாக அறிந்திருந்தவர். 1979-இல் அவர் உருவாக்கிய 'டார்க் டவர்', 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா' இரண்டிலும் கதை நடக்கும் நிலவறைக்கு ஒரே வாசல், ஒரே பாதை என்ற கட்டுப்பாடு கிடையாது. பல நுழைவாயில்கள், சுற்றி வந்து சேரும் வழிகள், ஒரு தளத்தைத் தாண்டி அடுத்த தளத்தில் இறக்கிவிடும் படிகள். அதனால் ஒரே நூலை இரண்டு குழுக்கள் ஆடினால் இரண்டு கதைகள் பிறக்கும். அவருடைய பெயரையே வினைச்சொல்லாக்கி, இப்படி நிலவறை அமைப்பதைக் குறிக்கும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது. 2024 ஜனவரியில் அவர் காலமானார். தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் ஆசான். எங்கள் மேஜையில் அன்றைக்கு அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவன் நான் ஒருவன்தான், அதுவும் வரைபடங்கள் மேல் எனக்கிருக்கும் பைத்தியத்தால்.

ஓவியர் டேவிட் டிராம்பியரின் கதையை நினைத்தால் இப்போதும் மனம் ஒருமாதிரி ஆகிவிடுகிறது. 1978-இல் வந்த பழைய 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' பதிப்பின் அட்டையில், பிரமாண்டமான ஒரு சிலையின் கண்ணிலிருந்து திருடர்கள் ரத்தினத்தைப் பெயர்த்தெடுக்கும் ஓவியம் அவருடையது. ஒரு தலைமுறை இந்த விளையாட்டையே அந்தப் படத்தின் வழியாகத்தான் கற்பனை செய்துகொண்டது. படங்களின் ஓரத்தில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளை மட்டும் போடுவார். 1988-இல், இந்த விளையாட்டுக்கென்றே வந்த 'டிராகன்' இதழில் தொடராக வந்துகொண்டிருந்த அவருடைய சித்திரக்கதை பாதியில் நின்றது. அவர் அந்தத் துறையிலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இல்லினாய் மாநிலத்துக் கார்பண்டேல் ஊரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியவந்தது. 2014-இல் இறந்தார். அவர் ஏன் விலகினார் என்று நான் கதை கட்டப் போவதில்லை.

பெயருக்கான சண்டை இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது என்றே சொல்லலாம். 1974-இல் முதல் ஆயிரம் ஆட்டப் பெட்டிகள் வெளியானபோது, இதைச் சேர்ந்து படைத்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரு பெயர்களும் அதில் இருந்தன. அடுத்து வந்த பதிப்பில் தன் பெயருக்கும் ராயல்டிக்கும் உரிய இடம் இல்லை என்று ஆர்ன்சன் 1979-இல் வழக்குப் போட்டு, 1981-இல்தான் சமரசம் ஆனது. கூடச் சேர்ந்து படைத்தவரே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்றால், பக்கம் கட்டியவர் எந்தப் படியில் போய் நிற்பார்?

கூலி விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து எழுதித் தருபவர்களுக்குச் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கணக்குப் போடுவது இத்தொழிலின் வழக்கம். எடிட்டருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஓவியருக்குப் படத்துக்கு ஒரு தொகை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். நூல் எத்தனை முறை அச்சானாலும் மறுபடி காசு வராது. சொல்லுக்குக் காசு என்னும்போது எழுதுபவருக்குச் சுருக்கிச் சொல்ல என்ன அவசியம்? அந்த வீக்கத்தை வெட்டி, மூன்று பத்திகளை ஒரே வாக்கியமாக்கி, ஆட்ட நேரத்தில் நம் மூச்சை மிச்சப்படுத்துபவர் எடிட்டர். அவருடைய மிகச் சிறந்த உழைப்பு அச்சில் இல்லாத சொற்களில்தான் இருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்?

ஒன்று சேர்ந்தால் நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. இதே வகையைச் சேர்ந்த 'பாத்ஃபைண்டர்' விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனத்தின் ஊழியர்கள் 2021 அக்டோபரில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். வெளியிலிருந்து எழுதித் தரும் பலர் அவர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்தி வைத்தார்கள்; அடுத்த சில நாட்களிலேயே நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. சிப்காட் வாசலில் சங்கக் கொடி பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

"எழுதியவர் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு வேலையே இல்லையே" என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பாரதக்கூத்துக் கடைசி நாளன்று படுகளத்தில் துரியோதனனை மண்ணால் செய்து கிடத்துகிறார்களே, விடிவதற்குள் அந்த மண்ணைக் குழைத்து உருவம் பிடித்தவர் இல்லாவிட்டால் பீமன் எதைச் சுற்றி ஓடுவான் என்று கேட்டேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

இந்த மாதம் நாங்களே ஒரு சாகசம் எழுதினோம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் எங்கள் பக்கம் ஓடும் தென்பெண்ணை ஆறும் கதைக்களம். வரைபடம் போட்டது எங்கள் குழுவில் உள்ள ஓவிய டீச்சர் அக்கா. பிரிண்ட் போடுவதற்கு முன் பார்த்தால், திசைக்குறியின் கீழே, லென்ஸ் வைத்தால்தான் தெரியும் என்கிற அளவில் தன் பெயரை எழுதியிருந்தார். "அக்கா, கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்" என்றேன். அவர் பென்சிலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "பெருசா போட்டா ஆத்து மேல ஏறுது தம்பி, ஆத்தை நகர்த்த முடியாது" என்றார். நான் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனைத் திறந்து, தலைப்பை இரண்டு பாயின்ட் குறைத்து, அதன் கீழே கிடைத்த இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.